பேட்ச் சொதப்பினால் எங்கே பார்ப்பது: படைப்பிரிவுச் சின்னங்களில் வழக்கமாக வரும் கோளாறுகள்

சிங்கப்பூரில் ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான ராணுவப் பயிற்சி) முடியப் போகிற நேரத்தில் எல்லாக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவிலும் யாராவது ஒருவர் "ஒரு பேட்ச் அடிப்போமா?" என்று கேட்பார். உடனே முப்பது கட்டைவிரல்கள் மேலே போகும். அப்புறம், கணினியில் கொஞ்சம் படம் போடத் தெரிந்தவன் தலையில் வேலை விழும். எங்கள் கம்பெனியில் அது என் தலையில் விழுந்தது. அன்று நான் செய்த பேட்ச் எவ்வளவு கேவலமாக வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அதன் பிறகு எத்தனையோ பிரிவுகளுக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன். பாதி நேரம் புதிதாக வரைவதல்ல, பிறர் வரைந்ததைப் பழுதுபார்ப்பதுதான் வேலை.

கோளாறை வைத்துத்தான் இதை எழுதியிருக்கிறேன். உங்கள் பேட்சில் என்ன தவறாகத் தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

போகும் முன் ஒரே ஒரு விஷயம். ஹெரால்ட்ரி என்று சொல்லப்படும் கேடயச் சின்ன மரபு ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டில் உருவானது. முகத்தை மூடிய இரும்புக் கவசத்துக்குள் இருப்பது யார் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பயன். நமக்கு இது புதிதும் அல்ல. பனம்பூ சூடி வந்தால் சேரன் படை, வேம்பு என்றால் பாண்டியன், ஆத்தி என்றால் சோழன். வெட்சிப் பூ சூடியவன் மாடு பிடிக்கப் போகிறான், உழிஞை சூடியவன் கோட்டையை வளைக்கப் போகிறான், நொச்சி சூடியவன் உள்ளே நின்று காக்கிறான். பூவைப் பார்த்ததும் ஆள் யார், எதற்கு வந்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும். கீழே வரும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை.

"திரையில் அழகாக இருந்தது, தைத்து வந்ததும் ஒன்றும் தெரியவில்லை"

என் முதல் பேட்ச் இதுதான். கரும்பச்சைத் தரையில் (தரை என்றால் பின்னணி) கருஞ்சிவப்பு டிராகன். லேப்டாப்பில் ஒளிர்ந்தது. தைத்து வந்த பேட்சை எங்கள் என்சிக் கையில் கொடுத்தேன். பழைய வாரண்ட் ஆபீசர், தமிழர். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வெத்தல போட்டுத் துப்பி வெச்சிருக்க?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்த டிராகன் தெரியவே இல்லை.

இதற்குக் காரணம் ஹெரால்ட்ரியின் முதல் விதியை மீறியது. அந்த மரபில் நிறங்கள் இரண்டு கட்சி. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். பேட்சில் அவை மஞ்சளும் வெள்ளையும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகம் வராது, வண்ணத்தின் மேல் வண்ணம் வராது. சிவப்புத் தரையில் வெள்ளைப் பிறை சரி. பச்சைத் தரையில் சிவப்பு டிராகன் தப்பு. மஞ்சள் தரையில் வெள்ளை நட்சத்திரமும் தப்பு.

பார்க்க ஏதோ சம்பிரதாயம் போலத் தெரியும் இந்த விதிக்குப் பின்னால் இருப்பது வெளிச்சக் கணக்கு. மஞ்சளும் வெள்ளையும் வெளிர், மற்றவை அடர்த்தி. அடர்ந்த நிறத்தின் மேல் அடர்ந்த நிறம் வைத்தால் கண் ஓரத்தைப் பிடிக்காது. சோதிக்கச் சுலபமான வழி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. என் டிராகன் அப்படி மாற்றியபோது முழுக்கச் சாம்பல் நிறத்தில் மறைந்துபோனது. சிங்கப்பூர்க் கொடியைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், பிறையும் ஐந்து நட்சத்திரங்களும் அப்படியே நிற்கும்.

சரிசெய்ய மூன்று வழி. தரையையோ உருவத்தையோ எதிர்க்கட்சி நிறத்துக்கு மாற்றுவது முதல் வழி, எப்போதும் சிறந்த வழி. இரண்டாவது, உருவத்தைச் சுற்றி மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை ஓரம் கொடுப்பது. பழைய ஹெரால்ட்ரியிலும் இது உண்டு. ஆனால் தைக்கும்போது அந்த ஓரம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நூல் அதைப் பிடிக்காது. மூன்றாவது, தரையையே இரண்டாகப் பிரிப்பது: பாதி வெள்ளை, பாதி சிவப்பு, நடுவில் நிற்கும் உருவம் நிறம் மாறி மாறி. இது வரையத் தெரிந்தவர்களுக்கு மட்டும். நான் இரண்டு முறை முயன்று ஒரு முறை தோற்றேன்.

"ஜெருசலேம் ராஜ்யத்தின் சின்னத்தில் வெள்ளித் தரையில் பொன் சிலுவை இருக்கிறதே?" என்று விஷயம் தெரிந்தவர் யாராவது கேட்பார். இருக்கிறது. விதிவிலக்கு என்று எல்லாரும் எட்டு நூற்றாண்டாக அதையே காட்டுகிறார்கள் என்பதிலேயே விதி எவ்வளவு உறுதி என்று தெரியும். உங்கள் பிளாட்டூன் ஜெருசலேம் ராஜ்யம் இல்லை.

"எல்லாம் இருக்கிறது, எதுவும் கண்ணில் நிற்கவில்லை"

அறிகுறி: பேட்சில் ஒரு புலி, இரண்டு துப்பாக்கி, மின்னல், பாராசூட், ஐந்து நட்சத்திரம், மெரினா பே கட்டடம், பிரிவின் எண், ஆண்டு, கோட்பாடு (மோட்டோ), அதற்கு மேல் ஒரு சுடர்.

இது கமிட்டி நோய். குழுவில் ஆளுக்கு ஒன்று கேட்டிருப்பார்கள். வரைந்தவர் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை.

இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்தைப் பாருங்கள். கேடயத்தில் யானை, குறுக்கே இரண்டு வாள். அந்த யானை 1803-இல் நடந்த அசாயே போரின் நினைவு. ரெஜிமெண்டின் நெடிய வரலாற்றில் எத்தனையோ சண்டைகள்; சின்னத்தில் யானை ஒன்றுதான். அமெரிக்கப் படையில் தோளில் பேட்ச் தைக்கும் வழக்கம் 1918-இல் 81-ஆம் டிவிஷனோடு தொடங்கியது. அவர்கள் தைத்தது ஒரு காட்டுப்பூனை, அவ்வளவுதான்.

என் வழி இது. கேட்டவை எல்லாவற்றையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது இல்லாவிட்டால் நாம் யார் என்று தெரியாதா?" என்று கேட்பேன். துப்பாக்கி இல்லாவிட்டாலும் ராணுவம் என்று தெரியும், போட்டிருப்பதே சீருடை. மெரினா பே இல்லாவிட்டாலும் சிங்கப்பூர் என்று தெரியும். கடைசியில் ஒரு பெரிய உருவமும் ஒரு சிறிய உருவமும் மிஞ்சும். மிஞ்சிய பெரிய உருவத்தைக் கேடயத்தின் ஓரம் வரை பெரிதாக்குங்கள். புதிதாக வரைகிறவர்கள் நடுவில் சின்னதாக ஒரு புலியை வைத்து, சுற்றி நிறைய இடம் விடுவார்கள். தபால்தலைக்கு அது அழகு. கேடயத்தில் உருவம் தரையை நிரப்ப வேண்டும். வால், கால், பிடரி எல்லாம் காலி மூலைகளுக்குள் நீள வேண்டும். பழைய சிங்கங்களின் வால் அவ்வளவு வளைந்து சுருண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

விட்டுப்போனதைப் பற்றி வருத்தப்படுகிறவர்களுக்கு ஆறுதலாக, ஐசிடி (ரிசர்விஸ்ட் பயிற்சி) டி-ஷர்ட்டின் முதுகில் இடம் நிறைய இருக்கிறது.

"சிங்கம் பின்வாங்கி ஓடுவது போல் இருக்கிறது"

கேடயத்தில் வலம் இடம் என்பது பார்ப்பவருடையது அல்ல, கேடயத்தைப் பிடித்திருப்பவருடையது. கேடயத்துக்குப் பின்னால் நிற்பவரின் வலக்கை பக்கம்தான் வலம். எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது இடப் பக்கம். விலங்குகள் வலத்தைப் பார்த்து நிற்பது வழக்கம், அதாவது நம் கண்ணுக்கு இடப் பக்கம் பார்த்து. மதிப்பும் அந்தப் பக்கத்துக்குத்தான் அதிகம். சிங்கப்பூரின் அரசுச் சின்னத்தில் சிங்கப்பூரைக் குறிக்கும் சிங்கம் நம் கண்ணுக்கு இடப் பக்கமும், மலேசியாவுடனான வரலாற்று உறவைக் குறிக்கும் புலி வலப் பக்கமும் நிற்பதைக் கவனியுங்கள்.

இது தெரியாமல் வரைந்தால் வரும் முதல் கோளாறு, சிங்கம் திரும்பி நிற்பது. படத்தைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் எழுத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் திருப்புங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எண்ணும் சேர்ந்து திரும்பிய ஒரு கோப்பு என்னிடம் வந்திருக்கிறது.

இரண்டாவது கோளாறு வலக்கையில் வரும், இது கொஞ்சம் நுணுக்கமானது. இடத் தோளில் ஒட்டும்போது நம் கண்ணுக்கு இடம் பார்க்கும் சிங்கம், போட்டிருப்பவர் நடக்கும் திசையையே பார்க்கும். அதே பேட்சை வலத் தோளில் ஒட்டினால் சிங்கம் அவர் முதுகுப் பக்கம் பார்க்கும். வீரர் முன்னே போகிறார், சிங்கம் வீட்டுக்குப் போகிறது. அமெரிக்க ராணுவத்தினர் வலத் தோளில் கொடியைத் திருப்பிப் போட்டிருப்பதைப் பலர் அச்சுப் பிழை என்று நினைக்கிறார்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடினால் கம்பத்துப் பக்கம் முன்னால் இருக்கும், துணி பின்னால் பறக்கும். அதைத்தான் அப்படிக் காட்டுகிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி, பேட்ச் எந்தக் கையில் வரப்போகிறது? இடம் என்றால் வழக்கமான திசை. வலம் என்றால், உங்கள் பிரிவின் சீருடை விதி இடம் கொடுத்தால், உருவத்தை மட்டும் திருப்பி இன்னொரு பதிப்பு செய்யுங்கள். வெல்க்ரோ வைத்து எந்தக் கையிலும் ஒட்டுவார்கள் என்றால் நேராக நம்மைப் பார்க்கும் முகத்தைப் போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

பிறையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெரால்ட்ரியில் பிறை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதற்குத் தனித்தனிப் பெயர் உண்டு. கொம்புகள் மேலே பார்த்தால் சாதாரணப் பிறை. கேடயத்தின் வலம் பார்த்தால் வளர்பிறை. இடம் பார்த்தால் தேய்பிறை. அந்தக் கணக்கில் நம் கொடியின் பிறை தேய்பிறைப் பக்கம் போய்விடும், ஆனால் அது குறிப்பது வளரும் இளம் தேசத்தை. கொடி கேடயம் அல்ல, அதற்கு அதன் சொந்த விளக்கம் உண்டு, ஆகவே அதில் தவறில்லை. அரசுச் சின்னத்துக் கேடயத்தில் பிறை கொம்புகளை மேலே நீட்டி மல்லாந்து கிடக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு மாலை வானத்தில் மூன்றாம் பிறை உண்மையிலேயே தோணி மாதிரி அப்படித்தான் தெரியும். யாரும் அதை நினைத்து வரைந்தார்களா என்பது வேறு, எனக்கு அந்தப் பொருத்தம் பிடிக்கும். கோளாறு எப்போது வருகிறது என்றால், கொடியிலிருந்து பிறையையும் அரசுச் சின்னத்திலிருந்து நட்சத்திர அடுக்கையும் எடுத்துக் கலக்கும்போது. பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. அந்த இரண்டையுமே பிரிவுப் பேட்சில் எடுத்தாளலாமா என்பதற்குக் கீழே இன்னொரு தலைப்பு இருக்கிறது.

"ஒவ்வொரு முறை தைக்கும்போதும் வேறு மாதிரி வருகிறது"

முதல் வருஷம் புலி நின்றது. இரண்டாவது வருஷம் உட்கார்ந்தது. மூன்றாவது வருஷம் கோப்பு தொலைந்துபோய், யாரோ பழைய பேட்சை போனில் படம் எடுத்து அனுப்பி, அதிலிருந்து வரைந்ததில் புலி பூனையாகிவிட்டது.

இதற்குக் காரணம் படம்தான் சின்னம் என்று நினைப்பது. ஹெரால்ட்ரியில் சின்னம் என்பது ஒரு வாக்கியம். பிளேசன் என்பார்கள். "சிவப்புத் தரையில், பின்னங்காலில் எழுந்து நிற்கும் பொற்சிங்கம், நாக்கும் நகமும் நீலம்" என்பதுபோல ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அந்த வாக்கியத்தை வைத்து பத்து ஓவியர்கள் பத்து விதமாக வரையலாம், பத்தும் அதே சின்னம்தான். வாக்கியத்திலிருந்து விலகினால்தான் தப்பு.

ஆகவே வரையும் முன் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். முதலில் தரை நிறம், அடுத்து முக்கிய உருவம், அது நிற்கிறதா நடக்கிறதா உட்கார்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் நிறம், பின்பு சிறிய உருவங்கள். எழுதியதைக் குழுவில் இல்லாத ஒருவருக்குப் போனில் வாசித்துக் காட்டி, தாளில் கிறுக்கச் சொல்லுங்கள். அவர் கிறுக்கியது உங்கள் மனதில் இருந்ததற்குக் கிட்டத்தட்ட வந்தால் சரி. வரவில்லை என்றால் இன்னும் வரைய ஆரம்பிக்காதீர்கள். நான் இப்போதெல்லாம் படம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பதே அந்த வாக்கியத்தைத்தான். பாதிப் பேர் அதோடு போய்விடுகிறார்கள், மீதிப் பேருக்கு வேலை பாதியாகிவிடுகிறது.

வாக்கியத்தில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பழைய ஐரோப்பியச் சின்னங்களில் 'டைகர்' என்று வருவது நம் புலி அல்ல, பார்த்தறியாத ஓவியர்கள் கற்பனையில் படைத்த வேறொரு மிருகம். கோடு போட்ட உண்மையான புலி வேண்டும் என்றால் 'வங்கப் புலி' என்று தனியாகச் சொல்வது அங்கே வழக்கம். வெளிநாட்டு ஓவியருக்கு எழுதும்போது கவனம்.

"தமிழ் எழுத்து சிதறிவிட்டது"

இதை நான் பார்க்காத ஆண்டே கிடையாது. 'வெற்றி' என்று அடித்திருப்பார்கள். தைத்து வந்தால் ஒற்றைக் கொம்பு 'வ'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் அநாதையாக நிற்கும். 'கொ' மூன்று துண்டாகும். பேட்ச் தைப்பவருக்குத் தமிழ் தெரியாது, அவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். குற்றம் அவருடையது அல்ல.

தமிழில் எழுத்து உருவம் சேரும் முறை ரோமன் எழுத்து மாதிரி இல்லை. மென்பொருளுக்கு அதைச் சேர்க்கத் தெரிய வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் என்றால் பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் இந்திய மொழி ஆப்ஷன்களை இயக்குங்கள், பிறகு பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். கொம்புகள் இடத்துக்கு வந்துவிடும். வந்த பிறகு எழுத்தை அவுட்லைனாக மாற்றிவிட்டுத்தான் கோப்பை அனுப்ப வேண்டும். மாற்றாமல் அனுப்பினால் அடுத்த கணினியில் மறுபடி சிதறும்.

அப்புறம் புள்ளி. எம்பிராய்டரி எழுத்து 5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே போனால் ரோமனே தடுமாறும். தமிழுக்கு என் கணக்கு 7, முடிந்தால் 8. அதற்குக் கீழே மெய்யெழுத்துப் புள்ளி நூலோடு கலந்து காணாமல் போகும், 'ற'வும் 'ற்'உம் ஒன்றாகிவிடும். சின்ன எழுத்துத்தான் வேண்டும் என்றால் எம்பிராய்டரியை விட்டுவிட்டு நெய்த பேட்ச் கேளுங்கள், அதில் நுணுக்கம் நன்றாக வரும்.

வந்த மாதிரியை ஒரு தமிழ்க் கண் பார்க்காமல் இருநூறு அடிக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கண் உங்கள் அம்மாவுடையதாக இருந்தாலும் போதும்.

கோட்பாடு எந்த மொழியில் என்பது தனிச் சண்டை. லத்தீன் போட்டால்தான் கெத்து என்று சிலர் நினைக்கிறார்கள். பீரங்கிப் படையின் "இன் ஓரியென்டே ப்ரிமுஸ்" மாதிரி வரலாறு உள்ள இடத்தில் அது பொருந்துகிறது. நேற்று ஆரம்பித்த பிரிவுக்கு மொழிபெயர்ப்புச் செயலியிலிருந்து எடுத்த லத்தீன் வேண்டாம், இலக்கணம் பல்லிளிக்கும். அணிவகுப்பில் "செடியா!" என்று மலாயில் கட்டளை கேட்டுப் பழகிய காதுக்கு மலாய்க் கோட்பாடு இயல்பாக ஒட்டும். மூன்று சொல்லுக்கு மேல் எந்த மொழியிலும் வேண்டாம்.

"இதை அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்"

அரசுச் சின்னத்தை அப்படியே கேடயத்தின் உச்சியில் வைத்திருப்பீர்கள். அதற்கு அனுமதி வேண்டும். 1959-இல் கொடியும் தேசிய கீதமும் அறிமுகமான நாளிலேயே அரசுச் சின்னமும் வந்தது. இப்போது இவை எல்லாம் 2022-இல் நிறைவேறிய தேசியச் சின்னங்கள் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. "முன்னேறட்டும் சிங்கப்பூர்" என்ற பொருள் தரும் அந்த மலாய் வாசகத்தோடு சேர்த்து எடுத்து ஒட்டும் விஷயம் அல்ல அது.

ஒரு சொல் குழப்பமும் இருக்கிறது. நாம் பழக்கத்தில் 'ஸ்டேட் கிரெஸ்ட்' என்கிறோம். ஹெரால்ட்ரியில் கிரெஸ்ட் என்றால் கேடயத்துக்கு மேலே, தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டும்தான். நம் அரசுச் சின்னத்தில் தலைக்கவசமே இல்லை, அப்புறம் கிரெஸ்ட் எங்கே? கேம்பில் எல்லாரும் 'யூனிட் கிரெஸ்ட்' என்றுதான் சொல்வார்கள், அதைத் திருத்தப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். வெளிநாட்டு ஓவியரிடம் பேசும்போது மட்டும் முழுச் சின்னமா, உச்சி உருவமா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

நாட்டு அடையாளம் வேண்டும் என்றால் 1986-இல் வந்த சிங்கமுகச் சின்னம் இருக்கிறது. பிடரியில் ஐந்து பிரிவுகள், சிவப்பும் வெள்ளையும். கொடிக்கும் அரசுச் சின்னத்துக்கும் கட்டுப்பாடு இருந்ததால் மக்கள் பயன்படுத்த ஒன்று வேண்டும் என்றுதான் அது வந்தது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு, வாசித்துவிட்டுப் போடுங்கள். அதன் வாயில் கத்தியைச் சொருகாதீர்கள். மெர்லயன் 1964-இல் பயணத்துறைக்காக வடிவமைக்கப்பட்டது, அதையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். சிங்கத் தலையும் மீன் உடலும்தான் வேண்டும் என்றால் ஹெரால்ட்ரியின் பழைய கடற்சிங்கத்தை உங்கள் கையால் வரைந்துகொள்ளலாம். 1596-இல் ஸ்பெயின் அரசர் மணிலாவுக்குக் கொடுத்த சின்னத்திலேயே அந்த மிருகம் வாளோடு இருக்கிறது.

பழைய தொண்டூழியப் படைகளின் பேட்சுகளிலிருந்து மாதிரி எடுப்பவர்கள் கிரீடத்தை அகற்ற மறந்துவிடுகிறார்கள். 1965-இலிருந்து நாம் குடியரசு. அகற்றுங்கள்.

"பேட்சைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அல்லது முகம் சுளிக்கிறார்கள்"

இரவு ரோந்துப் பிரிவு ஒன்றுக்கு ஆந்தை வரைந்திருந்தார்கள். ஐரோப்பியருக்கு அறிவு, நமக்கு ஆந்தை அலறினால் வீட்டில் பாட்டி வாசலைப் பார்ப்பார். எண் 4 சீனர்களுக்குச் சாவின் ஓசை. ஒரே செக்‌ஷனில் நான்கு மொழிக்காரர்கள் இருக்கும் ஊரில் எல்லாருக்கும் நல்லதாக ஓர் உருவம் கிடைப்பது கடினம், ஆனால் யாருக்கும் கெட்டதாக இல்லாததைத் தேடலாம். விமானப் படையின் 149-ஆம் ஸ்குவாட்ரன் ஷிக்ரா என்ற பறவையின் பெயரை வைத்திருக்கிறது. நம் வல்லூறுதான் அது. எந்தப் பாட்டிக்கும் ஆட்சேபணை இராது.

ஸ்வஸ்திகாவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஒரு முறை வந்தது. கோலத்திலும் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் நமக்கு அது மங்கலம். அமெரிக்க 45-ஆம் டிவிஷனும் செவ்விந்தியர்களின் நற்சின்னம் என்று சிவப்பில் மஞ்சள் ஸ்வஸ்திகாவைத்தான் தோளில் போட்டிருந்தது. ஜெர்மனியில் நடந்ததைப் பார்த்து 1939-இல் இடிப்பறவைக்கு மாறிவிட்டது. நல்லெண்ணம் பேட்சில் தைக்கப்படுவதில்லை, உருவம் மட்டும்தான் தெரிகிறது.

இன்னொன்று, இதை நம் ஆட்களுக்கு நாம்தான் சொல்ல முடியும். பாயும் புலி முகம், குறுக்கே இரண்டு துப்பாக்கி, சுற்றிலும் வட்டம். மலாய் நண்பருக்கு அது வெறும் புலி. தமிழ்க் கண்ணுக்கு உடனே இலங்கைப் போர்க்காலக் கொடி ஒன்று நினைவுக்கு வரும். சிங்கப்பூர்ச் சீருடையில் அந்தச் சங்கடம் யாருக்கும் வேண்டாம். துப்பாக்கியை எடுத்துவிட்டு, புலியை முழு உடலோடு நடக்க விடுங்கள். தீர்ந்தது. வேல் வரைகிறீர்கள் என்றால், அது ஈட்டியா முருகன் வேலா என்று கேட்பார்கள். இலை வடிவத்தைக் குறைத்து ஈட்டியாக்கிவிடுவது நல்லது.

"இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள், இரண்டு சின்னமும் வேண்டுமாம்"

வழக்கமாகச் செய்வது, இரண்டையும் சிறிதாக்கிப் பக்கம் பக்கமாக வைத்துச் சுற்றி ஒரு வட்டம் போடுவது. பார்த்தால் கல்யாணப் பத்திரிகை.

ஐரோப்பிய முறையில் கேடயத்தை நாலாகப் பிரித்து, மூத்தவரை நம் கண்ணுக்கு மேல் இட மூலையில் வைப்பார்கள். பேட்ச் அளவில் நாலு கட்டம் நாலு கொசுவாகத்தான் தெரியும். எனக்குப் பிடித்த வழி சோழர் முத்திரை. செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் இருக்கும் ராஜேந்திர சோழன் முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கும், அதன் அருகே பாண்டியரின் இரண்டு மீன்களும் சேரரின் வில்லும். மேலே குடை, இருபுறம் சாமரம். மூன்று நாட்டுச் சின்னமும் உண்டு, ஆனால் யார் பெரியவர் என்ற சந்தேகம் யாருக்கும் வராது. தரை ஒன்றே. நீங்கள் சேர்க்கும் இரண்டு பிரிவுகளும் சமம் என்றால் இதே உத்தியை இன்னும் நயமாகச் செய்யலாம். ஒன்றின் நிறத்தைத் தரைக்கும் மற்றதன் மிருகத்தை உருவத்துக்கும் எடுங்கள். பருந்துக்காரர்களும் நீலச் சட்டைக்காரர்களும் சேர்ந்தால் நீலத் தரையில் பொற்பருந்து. இரண்டு பக்கமும் தங்களுடையது என்பார்கள்.

"ஓரம் பிரிகிறது" "ஒரே நிறத்தில் அடித்தால் எல்லாம் கலந்துவிடுகிறது"

ஓரம் பிரிவது வடிவத்தின் கோளாறு. தடித்த ஓரத் தையல் வட்டத்துக்கும் எளிய கேடயத்துக்கும் நன்றாக வரும், உள்ளே குழிந்த மூலைகளில் திரும்பாது. சுடர், இறக்கை என்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வடிவத்தை எளிதாக்குங்கள், அல்லது சூட்டில் வெட்டிய ஓரம் கேளுங்கள். பீச் ரோடு ஆர்மி மார்க்கெட் பக்கம் போய் மாதிரிகளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தால் இந்தப் பத்தியே தேவைப்படாது.

மங்கல் நிறப் பேட்சுக்கும் ஓஆர்டி (சேவை முடியும் நாள்) நினைவுப் பலகைக்கும் நிறம் கிடையாது. மரத்திலோ உலோகத்திலோ பொறிக்கும்போது சிவப்புத் தரை எது, நீலத் தரை எது என்று காட்ட 17-ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு ஒன்றுமில்லை, சிவப்புக்கு நெடுங்கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு, பச்சைக்கு நம் கண்ணுக்கு இட மேலிருந்து வலக் கீழாகச் சாய்ந்த கோடு, கறுப்புக்கு நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம். பலகையில் இதைச் செய்து கொடுத்தால் நூற்றில் ஒருவர்தான் கவனிப்பார். அந்த ஒருவர் உங்களைத் தேடி வந்து பேசுவார்.

"எல்லாம் சரி, சிஓ (படைப்பிரிவின் தலைவர்) இன்னும் ஒப்புதல் தரவில்லை"

லேப்டாப்பில் காட்டாதீர்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் யாருக்கும் ஏதாவது சேர்க்கத் தோன்றும். உண்மையான அளவில், 8 அல்லது 9 சென்டிமீட்டரில், தாளில் அச்சடித்து வெட்டி ஒருவர் தோளில் ஒட்டி, அணிவகுப்புத் திடலில் பத்து மீட்டர் தள்ளி நிறுத்திக் காட்டுங்கள். போன முறை அப்படித்தான் செய்தேன். எங்கள் என்சிக் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் அன்று வந்திருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "சிங்கம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வால இன்னும் கொஞ்சம் நீட்டு" என்றார். நீட்டினேன்.